பழைய மியூசிக் ஸ்ட்ரீமரை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? முழுமையான வழிகாட்டி

விலையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஹை-ஃபை பத்திரிகைகளில் படமாக மட்டுமே பார்த்த ஸ்ட்ரீமர்கள் (இணையத்திலிருந்தோ வீட்டு நெட்வொர்க்கிலிருந்தோ பாட்டை எடுத்து வாசிக்கும் பெட்டிகள்) இன்று அசல் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கைமாறுகின்றன. கனத்த அலுமினியப் பெட்டி, டிஜிட்டல் பாட்டை அனலாக் ஒலியாக மாற்றும் நல்ல டிஏசி சிப், தாராளமான டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அப்புறம் ஏன் இவ்வளவு மலிவு?

பழைய ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபையரையோ வாங்குகிறவர் அந்தப் பொருளை மட்டும் சோதித்தால் போதும். ஸ்ட்ரீமர் விஷயத்தில் அது போதாது. அது பாட வேண்டுமென்றால் அதைச் செய்த கம்பெனியின் சர்வர், பாட்டு தரும் சேவை, போனில் இருக்கும் ஆப், வீட்டு ரவுட்டர் என்று நாலு பேர் ஒத்துழைக்க வேண்டும். அதில் மூன்று பேர் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு பழைய ஸ்ட்ரீமரைப் பார்த்ததும் அதன் வயதைக் கேட்பதற்கு முன் நான் கேட்பது இதுதான்: இந்தப் பெட்டி பாட வேறு யாரெல்லாம் உயிரோடு இருக்க வேண்டும்? இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பதுதான்.

படி 1: நீங்கள் கேட்பது எங்கிருந்து வருகிறது?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கணினியிலோ நாஸ் பெட்டியிலோ (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) சேர்த்து வைத்திருக்கும் சொந்தப் பாட்டுகள்தான் முக்கியம் என்றால் பழைய ஸ்ட்ரீமர் உங்களுக்கு ஏற்ற பொருள். ஸ்பாட்டிஃபை, டைடல், கோபஸ் மாதிரி ஒரு சேவையே எல்லாம் என்றால் இனிமேல் வரும் படிகளை ஒன்றுவிடாமல் பாருங்கள். இணைய ரேடியோதான் பிரதானம் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். காரணம் அடுத்த படியில் வருகிறது.

படி 2: பெட்டி யாரை நம்பி இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள்.

வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் வகை ஒன்று உண்டு. யுபிஎன்பி, டிஎல்என்ஏ என்று பெட்டியில் எழுதியிருக்குமே, அது. நாஸில் ஒரு மீடியா சர்வர் ஓடும், ஸ்ட்ரீமர் அதனிடம் பாட்டைக் கேட்டு வாங்கி வாசிக்கும். வெளியுலகம் தேவையில்லை, லாகின் தேவையில்லை. டிஎல்என்ஏ அமைப்பையே 2017-இல் கலைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த முறையில் பேசும் கருவிகள் இன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. லின் 2007-இல் கிளைமாக்ஸ் டிஎஸ் வெளியிட்ட காலத்து ஸ்ட்ரீமர்கள் பெரும்பாலும் இந்த யோசனையில் பிறந்தவை. இந்த வேலைக்கு மட்டும் என்றால் அவற்றுக்கு வயது ஒரு பொருட்டே அல்ல.

அடுத்தது ஏர்பிளே, ஐபோனிலிருந்து பாட்டைப் பெட்டிக்கு அனுப்பும் ஆப்பிளின் முறை. பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஏர்பிளேயில் சேவைக்குள் நுழைவது, பாட்டை எடுப்பது, அதை அவிழ்ப்பது எல்லாம் போனின் வேலை. பெட்டி வெறும் காது. அதனால் நாளை ஒரு புதிய சேவை வந்தாலும் 2011-இல் வாங்கிய ஏர்பிளே பெட்டியில் அது பாடும். அது தருவது சிடி தரம், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஆப்பிளின் 2012 ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற சிறு வைஃபை பெட்டி நல்ல உதாரணம். 2018-இல் அந்த வரிசையையே நிறுத்திய பிறகும் அதற்கு ஒரு ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) வந்து ஏர்பிளே 2 கிடைத்தது. அதிலுள்ள ஆடியோ துளையில் ஆப்டிகல் கேபிளும் சொருகலாம். ஐபோன் வைத்திருப்பவருக்கு இதைவிடக் கவலையில்லாத பழைய பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது வகை பெட்டிக்குள்ளேயே சேவை இருப்பது. இங்கேதான் விற்பவர் வாயில் வரும் வார்த்தைகளைக் கவனிக்க வேண்டும். 'டைடல் இருக்கிறது' என்றால் ஸ்ட்ரீமர் கம்பெனியின் ஆப் வழியாக டைடலைத் திறக்கலாம் என்று அர்த்தம். 'டைடல் கனெக்ட் இருக்கிறது' என்றால் டைடலின் சொந்த ஆப்பிலிருந்தே பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். இது 2020-இல்தான் வந்தது. கோபஸ் கனெக்ட் 2025-இல் வந்தது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் வெளியிட்டாக வேண்டும். கம்பெனி கைகழுவிய மாடலுக்கு அது வராது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் 2013-இலிருந்தே இருக்கிறது என்பதால் பழைய பெட்டிகளிலும் காணலாம். ஆனால் ஸ்பாட்டிஃபை 2025-இல் கொண்டுவந்த தரம் குறையாத ஒலியைப் பழைய பெட்டி வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

நான்காவது வகைதான் ஆபத்து: கம்பெனியின் சர்வர் இல்லாவிட்டால் எழுந்து நிற்கவே முடியாத பெட்டி. ரெசிவா என்ற சேவை ஏகப்பட்ட இணைய ரேடியோக்களுக்கு ஸ்டேஷன் பட்டியலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் அது மூடியது. ரேடியோக்கள் உடையவில்லை, ஸ்டேஷன்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நடுவில் முகவரிப் புத்தகத்தை வைத்திருந்தவர் போய்விட்டார். விடியூனர் என்ற இன்னொரு பட்டியல் சேவையை நம்பியிருக்கும் பழைய ஏவி ரிசீவர்களும் இதே நிலையில்தான் நிற்கின்றன. இணைய ரேடியோவுக்கு இரட்டிப்பு எச்சரிக்கை என்று சொன்னது இதனால்தான்.

கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோவின் கதை இன்னும் நுட்பமானது. 2015-இல் வந்தது, 2019 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. சிறிய வட்டு, 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) வரை போகும், ஆப்டிகல் வெளியீடும் உண்டு. இன்றும் தேடி வாங்குகிறார்கள். 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுவதும் அவை ஒரே நேரத்தில் முரண்டு பிடித்தன. சாதனம் தான் யார் என்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்ச் சங்கிலியில் ஒன்றுக்கு 10 வருட ஆயுள். அது அன்றைக்குக் காலாவதியானது. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. அதற்குள் பயந்துபோய் ஃபேக்டரி ரீசெட் செய்தவர்களால் உடனே திரும்ப அமைக்க முடியவில்லை. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே சொல்ல வேண்டியதாயிற்று. எந்தப் பாகமும் தேயவில்லை, எந்த கெபாசிட்டரும் காயவில்லை, காலண்டரில் ஒரு தேதி வந்தது, அவ்வளவுதான். பெரிய கம்பெனி என்பதால் சரிசெய்தார்கள். மூடிப்போன சிறு கம்பெனியின் பெட்டியில் இதே தேதி வந்தால் யார் வருவார்?

இதற்கு நேர்மாறானது ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமர் வரிசை. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியதை 2006-இல் லாஜிடெக் வாங்கியது. 2010-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் டச் வந்தது, 2012-இல் அந்த வரிசையையே கைவிட்டார்கள். கம்பெனி நடத்திய மைஸ்குவீஸ்பாக்ஸ் இணையச் சேவையும் 2024-இல் போய்விட்டது. கணக்குப்படி அது செத்திருக்க வேண்டும். ஆனால் அதன் சர்வர் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். ஆர்வலர்கள் அதை லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் வளர்க்கிறார்கள். ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ அதை ஓட்டினால் டச் இன்றைக்கும் கோபஸ், டைடல் எல்லாம் பாடும்; சேவையோடு பேசுகிற வேலையைச் சர்வர் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயார் என்றால் இதைத் தைரியமாக வாங்கலாம். 'பிளக்கில் சொருகினால் பாட வேண்டும்' என்பவர் தள்ளி நிற்பது நல்லது.

சோனோஸ் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2020-இல் அவர்கள் எஸ்2 என்று புது ஆப் கொண்டுவந்தார்கள்; பழைய கருவிகள் எஸ்1-இலேயே நின்றுவிட்டன. இரண்டையும் ஒரே அமைப்பில் சேர்க்க முடியாது. கனெக்ட் என்ற மாடலில் முதல் தலைமுறை எஸ்1-க்கு மட்டும், இரண்டாம் தலைமுறை எஸ்2-க்கும் ஆகும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விற்பவரிடம் ஆப்பில் 'எனது சிஸ்டம் பற்றி' பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். இன்னொன்று, 2019-இல் தள்ளுபடிக்காக 'ரீசைக்கிள் மோட்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் போட்ட கருவி 21 நாளில் நிரந்தரமாக முடங்கிவிடும். எதிர்ப்பு வந்ததும் 2020-இல் அதை மாற்றினார்கள். ஆனால் அப்போது முடங்கியவை இன்னமும் எங்காவது 'சோதிக்கவில்லை' என்ற குறிப்போடு விற்பனைக்குக் கிடக்கலாம்.

படி 3: பின்பக்கத்தைப் பாருங்கள்

முன்பக்கத்து டிஸ்பிளேயில் மயங்காமல் பெட்டியைத் திருப்புங்கள். ஆப்டிகல் இன், கோஆக்சியல் இன், யுஎஸ்பி இன் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் நெட்வொர்க் பகுதி நாளைக்கே படுத்தாலும் அது ஒரு டிஏசி. உள்ளே ஆம்ப்ளிஃபையரும் இருந்தால் இன்னும் நல்லது. இன்றைய சின்ன ஸ்ட்ரீமர் ஒன்றை வாங்கி ஒரு கோஆக்சியல் கேபிளில் கோர்த்துவிட்டால், மூளை புதிது, தொண்டை பழையது என்று பல வருடம் ஓடும். எல்லாம் ஒன்றாக உள்ள பழைய ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையர்களை நான் சிபாரிசு செய்வது இதனால்தான்.

வெறும் டிஜிட்டல் வெளியீடு மட்டும் உள்ள 'டிரான்ஸ்போர்ட்' வகை இதற்கு எதிர்முனை. அதன் ஒரே வேலை ஸ்ட்ரீம் செய்வது. அந்த வேலை போனால் அது காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும். எத்தனை உயர்ந்த பெயராக இருந்தாலும், மென்பொருள் ஆதரவு முடிந்த டிரான்ஸ்போர்ட்டுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

உள்ளீடு இருந்தாலும் ஒன்றை உறுதி செய்யுங்கள்: நெட்வொர்க் இல்லாமல் அதைத் தேர்ந்தெடுக்க முடியுமா? சில பெட்டிகளில் பட்டனே கிடையாது, இன்புட் மாற்றுவதும் ஆப்பில்தான். ரிமோட்டிலோ முன்பலகையிலோ மாற்ற முடிந்தால்தான் அது உண்மையான மாற்றுவழி.

படி 4: ஆப் இன்னும் இருக்கிறதா?

வீட்டிலிருந்தபடியே ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. உங்கள் போனின் ஸ்டோரில் அந்த ஆப்பைத் தேடுங்கள். கிடைக்கிறதா, உங்கள் போனில் நிறுவ முடிகிறதா, கடைசி அப்டேட் எப்போது, சமீபத்திய ஒரு நட்சத்திர விமர்சனங்கள் என்ன புலம்புகின்றன என்று பாருங்கள். விற்பவர் ஒரு பழைய ஐபேடில் எல்லாவற்றையும் அழகாக ஓட்டிக் காட்டுவார். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்கள் எல்லாம் புதிய ஐபோன், ஐபேடுகளில் ஓடாமல் போயின. அந்தக் காலத்து ஆப் அவருடைய ஐபேடில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறதோ என்னவோ. 'அந்த ஐபேடும் சேர்த்துத் தருகிறீர்களா?' என்று கேட்பதில் தவறில்லை, நான் கேட்பேன்.

யுபிஎன்பி பேசும் கருவி என்றால் வேறு கம்பெனி ஆப்களாலும் அதை இயக்கலாம். இது பெரிய நிம்மதி.

படி 5: நேரில் போய் ஓட்டிப் பாருங்கள்

போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை: உங்கள் போன், ஒரு ஈதர்நெட் கேபிள், ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் கேபிள், சில ஃபிளாக் ஃபைல்கள் (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டுகள்) போட்ட பென்டிரைவ். அதில் சிடி தரத்தில் ஒன்று, 24/96-இல் ஒன்று, இடைவெளியே இல்லாமல் ஒரு பாட்டு அடுத்ததில் கலக்கும் ஒரு ஆல்பம் இருக்கட்டும்.

விற்பவர் பெட்டியை ஏற்கெனவே பாடவிட்டு வைத்திருப்பார். அது எதையும் நிரூபிக்காது. அவர் பல வருடங்களுக்கு முன் ஒருமுறை லாகின் செய்தபோது கிடைத்த அனுமதி பெட்டிக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். அதை வைத்தே அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கலாம். புதிய ஆள் புதிதாக உள்ளே நுழையும் கதவு மூடியிருக்கிறதா என்பது அப்போது தெரியாது.

ஆகவே, 'உங்கள் கணக்கிலிருந்து இதை நீக்கிவிடுங்கள், அப்புறம் என் முன்னால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்' என்று கேளுங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. ரீசெட் முடிந்து பெட்டி எழுந்ததும் உங்கள் போனில் உங்கள் ஆப்பை வைத்து முதலிலிருந்து அமையுங்கள். முதல் திரை, வைஃபை கடவுச்சொல், அப்டேட் தேடுதல், சேவையில் லாகின் எல்லாம் உங்கள் கையால் நடக்கட்டும். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். லாகின் பக்கம் வெள்ளையாக வந்து நின்றாலோ, சரியான கடவுச்சொல்லுக்கும் பிழை காட்டினாலோ, 'சர்வருடன் இணைய முடியவில்லை' என்று சுற்றிக்கொண்டே இருந்தாலோ, அந்தச் சேவை இந்தப் பெட்டியில் முடிந்துபோன கதை என்றே விலை பேசுங்கள். ரீசெட் செய்ய விற்பவர் மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பாட ஆரம்பித்ததும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு விக்கல் வருகிறதா என்று அந்த இடைவெளியில்லாத ஆல்பத்தில் கேளுங்கள். பழைய யுபிஎன்பி பெட்டிகளில் இது அடிக்கடி வரும் தொல்லை. சாஸ்திரிய சங்கீதமோ கச்சேரிப் பதிவோ கேட்பவருக்கு இது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல. வைஃபை தகராறு செய்தால் ஈதர்நெட்டைச் சொருகிப் பாருங்கள். பழைய பெட்டிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை, டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறைக்கு மட்டும் என்று வைத்த ரவுட்டரில் நுழையவே முடியாது. கம்பியில் ஒழுங்காக ஓடினால் வைஃபையை நான் ஒரு குறையாகவே எண்ண மாட்டேன். கடைசியாக டிஜிட்டல் உள்ளீடு ஒவ்வொன்றையும் சொருகிப் பாருங்கள். படி 3-இல் சொன்ன மாற்றுவழி வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிய வேண்டும்.

கூரியரில் வாங்குவதானால் ரீசெட்டிலிருந்து பாட்டு வரும் வரை வெட்டாமல் எடுத்த வீடியோ கேளுங்கள்.

படி 6: உடம்பு

டிஸ்பிளேதான் முதலில் களைக்கும். நீலப்பச்சையாக ஒளிரும் பழைய விஎஃப்டி திரைகள் வருடக்கணக்கில் எரிந்து மங்கிவிடும். ஸ்குவீஸ்பாக்ஸ் சிலவற்றில் இருட்டறையில்தான் எழுத்து தெரியும். விளம்பரப் படத்தை விளக்கணைத்து எடுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பவர் அடாப்டர் அசலா, வோல்ட்டும் ஆம்பியரும் துருவமும் பெட்டியில் எழுதியதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஆன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை முயன்றபின் எழுந்தால், அல்லது ஸ்பீக்கரில் அடியில் ஒரு 'ம்ம்ம்' கேட்டால், பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்த ரிப்பேர்காரர் இருந்தால் அது சின்ன வேலை. ரப்பர் பூச்சு பூசிய ரிமோட் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். அதனால் பாட்டுக்குக் கெடுதல் இல்லை, கைக்கு மட்டும்தான்.

உள்ளே ஹார்ட் டிஸ்க் உள்ள மியூசிக் சர்வர்களை நான் தவிர்ப்பேன். டிஸ்க் போனால் மாற்றலாம், ஆனால் அதிலிருந்த இயங்குதளத்தைத் திரும்ப ஏற்றும் வழி கம்பெனியோடு போயிருக்கும்.

படி 7: எண்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

எம்க்யூஏ என்ற ஒலிச் சுருக்க முறையின் முத்திரை இருப்பதால் கூடுதல் விலை கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த நிறுவனம் 2023-இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. டைடல் 2024 ஜூலையில் எம்க்யூஏவை விட்டு ஃபிளாக்குக்கு மாறிவிட்டது. 24/192, டிஎஸ்டி போன்ற உயர்தர ஒலி வடிவங்கள் எல்லாம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 24/96-ஓடு நிற்கும் பெட்டியை அதற்காகவே ஒதுக்க வேண்டாம். லிரியன் மாதிரி சர்வர்கள் பெரிய ஃபைலைப் பெட்டிக்கு ஏற்றபடி குறைத்தே அனுப்பும்.

சொந்தப் பாட்டுகளை கணினியின் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து நேரடியாக எடுக்கும் பெட்டி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பழையவை எஸ்எம்பி1 என்ற முறையில்தான் பேசும். பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸ் 10-இல் 2017 முதல் அது வழக்கமாக நிறுவப்படுவதில்லை. அதற்காகப் பாதுகாப்பைத் திறந்துவிட வேண்டாம், யுபிஎன்பி சர்வர் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: விலை

நெட்வொர்க் பகுதி இன்றே செத்ததாக வைத்துக்கொண்டு மிச்சத்தை எடை போடுங்கள். மிச்சம் ஒரு டிஏசி என்றால், அதே தரத்தில் ஸ்ட்ரீமிங் இல்லாத பழைய டிஏசி என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். மிச்சம் ஆம்ப்ளிஃபையர் என்றால் அதற்கு ஈடான பழைய ஆம்ப்ளிஃபையர் விலை. அதுதான் உங்கள் உச்சவரம்பு. ஸ்ட்ரீமிங் ஓடும் வரை அது இனாம். அந்தத் தொகையோடு ஒரு புதிய சிறு ஸ்ட்ரீமரின் விலையையும் கூட்டி, மொத்தம் இன்றைய புதிய பெட்டி ஒன்றை நெருங்கினால் பழையது வேண்டாம். 'அப்போது இது இவ்வளவு விலை' என்று விற்பவர் ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள், விலையை மட்டும் ஏற்றாதீர்கள். ஸ்குவீஸ்பாக்ஸ் டச் மாதிரி திறந்த மென்பொருள் உள்ளவை மட்டுமே இந்தக் கணக்குக்கு விலக்கு.

வாங்கியாயிற்றா?

வீட்டுக்கு வந்ததும் ஈதர்நெட்டில் போடுங்கள். தயாரிப்பாளர் தளத்தில் கடைசி ஃபர்ம்வேர் ஃபைலும் கையேடும் கிடைத்தால் இறக்கி உங்கள் நாஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவுப் பக்கங்கள் சொல்லாமல் மறையும். எல்லாம் ஓடும் நிலையில் மாடலின் பெயரைத் தேடி, சமீபத்திய அப்டேட் எதையாவது கெடுத்ததா என்று பார்த்துவிட்டு அப்புறம் மட்டும் அப்டேட் கொடுங்கள். மேசை டிராயரில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால், இன்றைக்கு வேலை செய்யும் ஆப்பை அதில் நிறுவி, தானாக அப்டேட் ஆவதை அணைத்து, ஸ்ட்ரீமர் பக்கத்திலேயே சார்ஜரோடு வைத்துவிடுங்கள்.